தண்டபாணியின் ஸ்டார்ட்டிங் டிரபிள்

மதியம் பிரியாணி சாப்பிட்டவன் என்ன செய்வான்? தூங்குவான். தண்டபாணியும் அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் கட்டிலில் மல்லாந்து படுத்து, செல்போனை வயிற்றின் மேல் நிறுத்தி, தன் மண்டைக்குள் தானே புது ஓ.எஸ். ஏற்றிக்கொண்டார்.

மருத்துவமனைக்கு வாருங்கள், கூட ஒருவர் இருக்கட்டும், ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பாருங்கள் என்று அறிவிப்பில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவருக்கு அறிவிப்புகள் மேல் மரியாதை கிடையாது. கம்பெனிக்காரன் தன் தலை தப்புவதற்காக எழுதுகிற சமாச்சாரம் அது. மோட்டார் ஸ்டார்ட்டரின் பொத்தான் அமுங்கி நிற்க மாட்டேன் என்கிறதா, ஒரு குச்சியைச் செருகிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சு என்று இருந்த விவசாயிகளோடு வாழ்ந்தவர். அதே குச்சியை இப்போது தன் தலைக்குள் செருகினார். சரி, சரி, ஒப்புக்கொள்கிறேன், சரி என்று அமுக்கிக்கொண்டே போனார்.

ஓரிடத்தில் ஒரு தொலைபேசி எண் கேட்டது. எதற்கு என்று மேலே நாலு வரி எழுதியிருந்தது. படிக்காமலே கோகிலவாணியின் எண்ணைப் போட்டார். கேஸ், கரண்ட், துணிக்கடை, பல் டாக்டர், யார் கேட்டாலும் மனைவியின் எண்ணைத்தான் கொடுப்பார். தன் எண் மனப்பாடமாகத் தெரியாது என்பது வெளியே சொல்லும் காரணம். வருகிற தொல்லையெல்லாம் அந்தப் பக்கம் போகட்டும் என்பது உள்ளே இருக்கும் காரணம்.

தண்டபாணியின் இடது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒரு துணைமூளை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போயின. பெயர்கள் போயின. நாற்பது நாள் மருத்துவமனையில் வாய் கோணிப் படுத்திருந்தார். துணைமூளை வைத்தால் எல்லாம் திரும்பும் என்றார்கள். கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள்.

அது இவரைப் போலப் பேசக் கற்க வேண்டுமே, இவர் பேசிய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர்கள் கேட்டார்கள். வீட்டில் கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. அதில் மாப்பிள்ளை பேசிய ஒரே வசனம், "கரண்ட் போயிருச்சா?" யார்தான் வீட்டில் பேசுவதைப் பதிவு செய்து வைப்பார்கள்? ஆனால் கம்பெனியில் இருந்தது. வாடிக்கையாளர் புகார் சொல்லக் கூப்பிட்ட அத்தனை போனும் இருபத்திரண்டு வருடத்துக்குப் பத்திரமாக இருந்தது. எல்லாவற்றையும் அள்ளித் துணைமூளைக்குள் கொட்டினார்கள்.

தண்டபாணி எழுந்து உட்கார்ந்து பேசினார் பாருங்கள், டாக்டரே கைதட்டினார். முன்னை விடச் சரளம், முன்னை விட நகைச்சுவை. தெருவே மெச்சியது. பக்கத்து வீட்டு பானுமதி தன் கணவரிடம், "தண்டபாணியண்ணன் இப்பெல்லாம் சம்சாரத்தையே வாங்க போங்கங்கறாரு. நீங்களும் இருக்கீங்களே!" என்று சண்டையே போட்டாள்.

இனி திங்கட்கிழமை காலைக்கு வருவோம்.

துணைமூளை அவர் தூங்கும்போது தூங்கும், விழிக்கும்போது விழிக்கும். முன்பெல்லாம் அதற்கு மூன்று வினாடி போதும். கண் திறந்ததும் மேலே வெறுமனே ஏதோ சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கு ஃபேன் என்று பெயர் வந்துவிடும். தனக்குத் தண்டபாணி என்று பெயர் வந்துவிடும். உடனே ஒரு ஜோக்கும் வந்துவிடும்.

அந்தத் திங்கட்கிழமை அவர் தண்டபாணியாக வந்து சேர்ந்தபோது கட்டிலில் இல்லை. சமையலறை மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பனியன் பின்பக்கம் முன்னால் இருந்தது. எதிரே காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. கோகிலவாணி மிக அருகில் நின்றிருந்தாள். அவர் பார்த்ததும் ஓரடி தள்ளிப் போனாள்.

"கோகிலா, நான் எப்பங்க இங்க வந்தேன்?"

"இப்பத்தானுங்க."

"காப்பி ஆறிக் கெடக்குது. இப்பன்னா எப்பங்க?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஒரு பத்துப் பதினோரு நிமிசம் ஆச்சுங்க."

"அது வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தேன்?"

"சும்மாதானுங்க உக்காந்திருந்தீங்க."

அந்தப் பதினோரு நிமிடம் அவர் தலைக்குள் எங்கேயும் இல்லை. எதையும் எழுதி வைத்துக்கொள்கிற வேலையும் துணைமூளையுடையதுதான். அது எழுந்திருக்கவே இல்லையே. கடைக்காரன் வராத கடையில் யார் வந்து போனார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"கவலையே படாதீங்க கோகிலா. பாத்துக்கலாமுங்க," என்றார் தண்டபாணி. இருபத்திரண்டு வருடப் பதிவில் அந்த வாக்கியம்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமையும் பதினோரு நிமிடம். அதைப் போக்க ஒரு மெக்கானிக் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்தார். பாரம் அதிகமோ என்று, மனதில் கிடந்த பழைய மாடல் பம்புகளின் உதிரிபாகப் பட்டியலை அழித்தார். சூடு காரணமோ என்று காதுக்குப் பின்னால் ஈரத்துணி கட்டிக்கொண்டு படுத்தார். ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரியாகுமோ என்று பகலில் மூன்று முறை தூங்கி எழுந்தார். மூன்று முறையும் பதினோரு நிமிடம். மூன்றாவது முறை விழித்தபோது கோகிலவாணி, "இன்னொருக்காத் தூங்கறீங்களா?" என்று கேட்டாள். அவள் அவரைத் தூங்கச் சொன்னதே இல்லை. பகலில் தூங்கினால் சோம்பேறி என்று திட்டுகிறவள்.

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். அங்கே ஒரு குரல், புதிய பதிப்பு பழகச் சில நாட்கள் ஆகலாம் என்றது. உடம்பில் தண்ணீர் குறைவாக இருக்கலாம் என்றது. உங்கள் நினைவுகள் பழையவை என்பதால் இருக்கலாம் என்றது.

தண்டபாணிக்குச் சிரிப்பு வந்தது. மோட்டார் ஏன் எரிந்தது என்று எவர் கேட்டாலும், "லைன்ல வோல்டேஜ் கம்மிங்க" என்று அவர் சொல்லாத நாள் உண்டா? வைண்டிங் கம்பி மட்டமாக இருந்தாலும் லோ வோல்டேஜ். பேரிங் வெடித்தாலும் லோ வோல்டேஜ். அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், "ஏனுங், ஒரு வாட்டியாச்சும் நேராப் பதில் சொல்லுங்களே," என்று கெஞ்சியிருக்கிறார். அப்போதும் இவர் ஒரு ஜோக் சொல்லி அவரைச் சிரிக்க வைத்துத்தான் போனை வைத்தார். இப்போது அவர் தலைக்கே லோ வோல்டேஜ்.

புதன்கிழமை காலைக்காக முதல் நாளே ஒரு ஏற்பாடு செய்தார். பழைய செல்போன் ஒன்றைப் பதிவு ஓடும்படி வைத்து, சமையலறை அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் செருகினார். மறுநாள், கோகிலவாணி துணி காயப்போட மாடிக்குப் போனதும் எடுத்துப் பார்த்தார். படம் முழுக்கக் கறுப்பு. போனை அவள் கண்டுபிடித்துக் குப்புறக் கவிழ்த்திருக்கிறாள். நிறுத்தத்தான் தெரியவில்லை போலிருக்கிறது. சத்தம் மட்டும் இருந்தது.

நாற்காலி இழுபடுகிற சத்தம். குழாய்ச் சொட்டு. வெகுநேரம் ஒன்றுமில்லை. "ஆ," என்றாள் கோகிலவாணி, எதுவோ வலித்தது போல. பிறகு சிரித்தாள்.

தண்டபாணி அதைத் திரும்ப ஓடவிட்டார். அவர் சொல்லும் ஜோக்குகளுக்கு அவள் சிரிக்காமலா இருந்தாள்? சிரித்தாள்தான். பிரிவுபசார விழாவில் முதலாளியின் பேச்சுக்கு எல்லோரும் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. இது அடிவயிற்றிலிருந்து வந்து, மூச்சு முட்டி, "போதும், போதும்," என்று கெஞ்சி, மறுபடி பொங்கிய சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது.

அவர் வீட்டில், அவர் நாற்காலியில், அவர் பனியனைப் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் அவர் மனைவியை ஒருவன் சிரிக்க வைத்திருக்கிறான். எவனடா அவன்?

அறுபது வயதில் ஒருவருக்குப் பொறாமை வரலாம். தன் மேலேயே வருவதுதான் வழக்கமில்லை.

மாடியிலிருந்து இறங்கியவளிடம், வெகு சாதாரணமாக, "காலைல ஏதாச்சும் தமாசா நடந்துச்சுங்களா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"இல்லீங்களே," என்றாள். போன் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இல்லை என்பதை இருவருமே பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

அன்றைக்கே அவிநாசி ரோட்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். "நானும் வரட்டுங்களா?" என்று வாசல் வரை வந்து கேட்டாள் கோகிலவாணி. "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?" என்றார். அவள் முகம் சின்னதாகிப் போனதைக் கவனித்தார். ஏன் என்று விளங்கவில்லை. "சரி பண்ணிருவாங்களாங்க?" என்று கேட்டாள். "அவங்கப்பன் வந்தாலும் சரி பண்ணாம விடமாட்டேன்," என்று ஜோக்கடித்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

சர்வீஸ் சென்டரில் நஸ்ரின் என்ற இளம் இன்ஜினியர் அவர் காதருகே ஒரு கருவியை வைத்து எடுத்தாள்; திரையைப் பார்த்தாள்; கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல சார். இது நார்மல்தான்."

"அம்மிணி, நான் சர்வீஸ்ல முப்பத்திரண்டு வருசம் இருந்தவனுங்க. 'நார்மல்'னு எப்பச் சொல்லுவோம் தெரியுங்களா? கஸ்டமர் எந்திரிச்சுப் போனாப் போதும்னு இருக்கறப்பச் சொல்லுவோம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நின்றதும் தயங்கினாள். "வீட்ல யார் சார் இருக்காங்க?"

"சம்சாரம். மக பெங்களூர்ல. ஏனுங்?"

நஸ்ரின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். வரிசையாக நேரங்கள் இருந்தன. ஆறு மணி இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி: எழுந்தார். பதினேழாவது வினாடி: தொடங்கத் தயார்.

"பாருங்க, அதே மூணு செகண்டுதான். உங்க மெஷின் ஸ்லோவே இல்ல சார். தயாராகி வாசல்ல நிக்குது."

"எதுக்கு நிக்குது?"

"கதவைத் தொறக்க. தலைக்குள்ள வேலை செய்யற மெஷினுக்கு வீட்ல ஒருத்தர் தினமும் சம்மதம் சொல்லணும்கறது புது ஓ.எஸ்.ல ஒரு வசதி. வேணாம்னா எடுத்துடலாம். நீங்க எடுக்கல. ஒரு நம்பரும் குடுத்திருக்கீங்க. ஒவ்வொரு தடவ நீங்க எந்திரிக்கும்போதும் அந்த நம்பருக்கு ஒரு கேள்வி போகும். 'தொடங்கட்டுமா?' அவங்க 'சரி'ன்னு அமுக்கினா உடனே தொடங்கிடும். அமுக்கலைன்னா பதினோரு நிமிசம் பாத்துட்டு, தானாத் தொடங்கிடும்."

"அவளுக்கு இந்த மெசேஜெல்லாம் பாக்கத் தெரியாதுங் அம்மிணி. கேஸ்காரன்னு நெனச்சு விட்டிருப்பா."

நஸ்ரின் விரலால் இன்னொரு வரியைத் தொட்டுக் காட்டினாள். திங்கட்கிழமை: பார்க்கப்படவில்லை. செவ்வாய்க்கிழமை நான்கு முறை, புதன்கிழமை ஒரு முறை: பார்க்கப்பட்டது. பதில் இல்லை. பார்க்கப்பட்டது. பதில் இல்லை.

தண்டபாணி வழக்கம்போல ஒரு ஜோக்குக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"ஏன் அம்மிணி? நான் பேசற பேச்சுல ஏதாச்சும் கொறையா?"

"கொறையே இல்ல சார். அதான்..." அவள் பேனாவை மூடித் திறந்தாள். "உங்க பேச்சு எதுலேர்ந்து எடுத்ததுன்னு ஃபைல்ல இருக்கு. ஒம்போதாயிரம் மணி நேரம் சர்வீஸ் கால். அதுல நீங்க யாரையும் திட்டல. கோவப்படல. யார்கிட்டயும் எதுவும் கேக்கல. எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிட்டு வெச்சிருக்கீங்க. மெஷின் அதத்தான் கத்துக்கிச்சு. வீட்டுக்குள்ள எப்படி இருக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரலையே சார்."

ஒரு படிவத்தை நீட்டினாள். சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகபட்சக் காத்திருப்பு என்று போட்டு, பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "சைபர்னு போட்டா அனுமதியே வேண்டாம், மூணு செகண்டுல வந்துடுவீங்க. எத்தன நிமிசம்னு வேணாலும் போடலாம். காலியா விட்டீங்கன்னா, அவங்க சம்மதிக்கற வரைக்கும் தொடங்காது."

"தொடங்கவே இல்லைன்னா நான் எங்க இருப்பேனுங்க?"

நஸ்ரின் யோசித்தாள். "அது மேனுவல்ல இல்ல சார்," என்றாள். லோ வோல்டேஜ் என்று சொல்லாததற்காக அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

பஸ்ஸில் வரும்போது கட்டத்தில் சைபர் போடப் பேனாவை எடுத்தார். பஸ் குலுங்கியது. பேனாவைத் திரும்பப் பையில் வைத்தார். பஸ் குலுங்கியதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்.

கோகிலவாணி கூடத்தில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். தண்டபாணி எதிரே உட்கார்ந்து, படிவத்தை முறத்தின் ஓரத்தில் வைத்தார்.

"பாத்துட்டாங்க கோகிலா. லோ வோல்டேஜ் இல்லீங்க."

அவள் கை நின்றது. தன் செல்போனை ஒரு பார்வை பார்த்தாள். அதுபோதும்.

"மொத நாளு தெரியாதுங்க," என்றாள். "ஏதோ கடைக்காரன் மெசேஜுன்னு விட்டுட்டேன். நீங்க எந்திரிச்சு வந்தீங்க. வாய் கோணிக்கிட்டு, ஆஸ்பத்திரில இருந்தீங்கல்லங்க, அதே மாதிரி. எனக்குப் பகீர்னு ஆயிப்போச்சு. டாக்டருக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். நீங்க கிட்ட வந்து, இடது கைய நீட்டி..." தோட்டைத் தொட்டுக் காட்டினாள். "திருகாணியத் திருகி வுட்டீங்க."

"என்னதுங்க?"

"கல்யாணமான வருசம் காரமடைத் தேர்ல ஒரு தோட்டத் தொலைச்சுப் போட்டேன். அன்னிலிருந்து தெனமும் வேலைக்குப் போறதுக்கு முன்னால திருகாணி இறுக்கமா இருக்குதான்னு பாத்துத் திருகிட்டுத்தான் போவீங்க. ஒண்ணும் பேசமாட்டீங்க. திருகுவீங்க, போயிருவீங்க. இருபத்தேழு வருசம். ஆஸ்பத்திரிலகூட, ஒண்ணும் ஞாபகமில்லாதப்பகூடத் திருகுனீங்க. காதுக்குப் பின்னால அந்தக் கொட்டைய வெச்ச நாள்லருந்து திருகல."

போன வருடம் பஸ்ஸில் அவள் ஒரு தோட்டைத் தொலைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் அதை வைத்து ஏழு ஜோக் சொன்னார். ஏழுக்கும் அவள் சிரித்தாள்.

"இன்னிக்கு எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டார். கேட்கும்போதே கடுகு டப்பா ரகசியம் உடைந்துபோனது. உடையட்டும்.

"இறுக்கித் திருகிட்டீங்க. வலிச்சுது. நான் 'ஆ'ன்னதும் பயந்துபோயி ஊதி வுட்டீங்க. வாய்தான் ஒரு பக்கமா இழுத்திருக்குதே, காத்து காதுக்கு வராம எம் மூக்குல போயி அடிக்குது. மறுக்கா ஊதறீங்க, கண்ணுல அடிக்குது. வுடாம ஊதறீங்க..." சொல்லும்போதே அந்தச் சிரிப்பு அவள் உதட்டுக்கு வந்தது. எதிரே இருப்பவரைப் பார்த்ததும் நின்றது.

தண்டபாணி குனிந்து கையை நீட்டினார். வலது கை, இப்போது ஆடாத கை, துணைமூளை மீட்டுத் தந்த கை. முப்பத்திரண்டு வருடம் நட்டு முடுக்கிய கைக்கு ஒரு திருகாணி எம்மாத்திரம்? அவள் அசையாமல் காதைக் கொடுத்தாள். திருகினார். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மறுபடி திருகினார். திருகாணி கழன்று அவரைக்காய்க்குள் விழுந்தது.

இருவரும் தேடினார்கள். ஒவ்வொரு காயாக எடுத்துப் போட்டார்கள். அவருடைய இடது கை எப்போது அவள் கைக்குள் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. தடவிக்கொண்டிருந்தாள். கையைத்தான் பார்த்தாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாந்தானுங்க கையெழுத்துப் போட்டேன்," என்றாள். "எப்படியாச்சும் பேச வெச்சுருங்கன்னு அந்த டாக்டர் கால்ல விழாத கொறை. பேசுனீங்க. ஊரே நல்லாருக்குதுன்னுச்சு. நான் யார்கிட்டப் போயி, இது எங்க வீட்டுக்காரரு இல்லைன்னு சொல்லுவேன்?"

துணைமூளை ஒன்பதாயிரம் மணி நேரத்தையும் புரட்டியது. எந்த வாடிக்கையாளரும் இப்படி ஒரு புகார் சொன்னதில்லை. கவலையே படாதீங்க, பாத்துக்கலாமுங்க என்பது நுனிநாக்கு வரை வந்தது. தண்டபாணி அதை விழுங்கினார். மூன்று வருடத்தில் அவர் அதன் பேச்சைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார். சைபர் போட்டால் என்ன ஆகும், காலியாக விட்டால் என்ன ஆகும் என்று ஒரு ஜோக்கும் கலக்காமல் சொன்னார். அந்த மடையன் நாளைக் காலை எழுந்து வந்து, வாய் கோணி, பேச வராமல், இவள் காதுக்கு ஊதப்போகிறான். தன்னால் அதைப் பார்க்கக்கூட முடியாது. ஒரே ஒரு முறை, ஓரமாக நின்றாவது பார்க்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"கோகிலா," என்றார். "யார்கிட்டயும் இந்த மாதிரி நான் கேட்டதில்லீங்க. வருத்தப்படுவேன்னு பாக்காதீங்க. நேராச் சொல்லுங்க. உங்களுக்கு நான் வேணுமா, அந்த ஆளு வேணுமா?"

அவள் நிமிர்ந்து, முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை அனுப்பும்போது எவ்வளவு மரியாதையாகப் பார்ப்போமோ அவ்வளவு மரியாதையாக, அவ்வளவு பிரியமாகப் பார்த்தாள். அந்த இடது கையை மட்டும் விடவில்லை.

"அவருதானுங்க," என்றாள்.